ஒரு ஜீப்பின் எடை

போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி மலைப்பாதையில் கீழ்நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, எஸ்டேட்டில் கொடுத்த பச்சை பனியன். பனியனின் முதுகில் ‘சேர்ந்து குறைப்போம்’ என்று அச்சடித்திருந்தார்கள். அன்று மத்தியானம்தான் வேலை போயிருந்தது. மெட்டில் நின்றால் பஸ்சு வரும். ஆனால் டீக்கடையில் தெரிந்தவர்கள் விசாரிப்பார்கள். அதனால் நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் போடி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வந்தது.

வேலையை விட்டு நடந்து போவது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, தூத்துக்குடியில் உப்பளம், பிறகு இந்த மலை என்று அலைந்தவன். எங்கேயும் வேர் பிடித்ததில்லை. அந்த இடங்களையெல்லாம் நானாக விட்டு வந்தேன். இங்கே மட்டும் போகச் சொன்னார்கள்.

வேலையிடங்களில் உடல் எடையைக் குறைக்கிற திட்டங்களுக்குக் களப்பணியாளராகப் போகப்போகிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி பயிற்சி நடத்துகிறவர்கள் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எடை மிஷினைச் சமதளத்தில் வைப்பது, இடுப்பை எங்கே அளப்பது என்பதெல்லாம் உங்கள் பயிற்சியிலேயே வந்துவிடும். ‘சமூக ஆதரவு’ என்று ஒரு பாடமும் இருக்கும். கைகோத்துச் சிரிக்கிற பெண்களின் படம் போட்டிருக்கும். எனக்குச் சொல்ல இருப்பது அந்தப் பாடத்தைப் பற்றித்தான். அதை நான் படித்தது பாண்டியம்மாள் என்ற பெண்ணின் வலது காலில்.

எஸ்டேட் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருந்தது. வேலை செய்கிறவர்கள் எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள். விடியும் முன்பே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்புகளில் ஏறி மலை கடந்து போவார்கள், பொழுது சாய இறங்குவார்கள். ஒரு ஜீப்பில் போகிறவர்களை ஒரு ‘செட்டு’ என்பார்கள். செட்டு என்பது சொந்தபந்தத்துக்குக் கொஞ்சம் கீழே, அக்கம்பக்கத்துக்கு ரொம்ப மேலே. ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி அவள் பங்கு வேலையையும் சேர்த்து இழுப்பாள். ஒருத்தி குழம்பு கெட்டுப்போனால் ஆறு தூக்குச்சட்டியிலிருந்து அவளுக்குக் குழம்பு வரும்.

நான் பார்த்த செட்டுப் பெண்கள் காட்டில் காய் எடுக்கிறவர்கள் இல்லை. ஸ்டோர் என்கிற கட்டடத்தில் உலர்ந்த ஏலக்காயை முறம் போன்ற சொளகில் போட்டுத் தரம் பிரிக்கிறவர்கள். காலை முதல் மாலை வரை சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் வேலை குறையும். உட்கார்ந்தே இருந்ததில் இடுப்பு பெருத்து, முட்டி வீங்கி, பாதிப் பேருக்குச் சர்க்கரை. சீனி போட்ட டீயும் எண்ணெயில் பொரித்த வடையும்தான் நடுவில் ஓய்வு.

அங்கேதான் எங்கள் திட்டம் வந்தது. மதுரைப் பக்கத்து அறக்கட்டளை ஒன்று நடத்தியது, எஸ்டேட் செலவு செய்தது. மலையும் தெரிந்து அரைகுறை மலையாளமும் பேசுகிற ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு வாரம் ஒரு நாள் ஸ்டோருக்குப் போவது, எடை பார்ப்பது, உட்கார்ந்து பேசுவது, இவ்வளவுதான் வேலை.

முதல் நாள் மிஷினை வாசலில் வைத்தேன். ஒருத்தியும் வரவில்லை. ஈஸ்வரி என்று ஒரு பெண், அந்த செட்டில் வாய் உள்ளவள், சொளகைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்: “அண்ணே, மூட்டை எடை போடுற எடத்துல எங்களையும் ஏத்தி நிறுத்துறீங்களே, சாக்கு எடையைக் கழிப்பீங்களா?” எல்லாரும் சிரித்தார்கள். நான் மிஷினைத் தூக்கிப் போய் சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத மூலையில் வைத்தேன். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். எண்ணை அவளுக்கு மட்டும் காதோடு சொன்னேன். வெளியே போய் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அது அவர்கள் இஷ்டம். மிஷினை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். அதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை.

கொஞ்ச நாளில் அவர்களாகவே ஒரு காரியம் செய்தார்கள். ஜீப்பு ஸ்டோர் வரைக்கும் போகும். இவர்கள் கீழே உள்ள பாலத்திலேயே இறங்கி, மீதி ஏற்றத்தை நடந்து ஏறினார்கள். நான் சொல்லவில்லை, அறக்கட்டளைக்காரர்களும் சொல்லவில்லை. ஈஸ்வரி ஒரு நாள் டிரைவரிடம் சண்டை போட்டு இறங்கினாள், மற்றவர்கள் அவளைக் கேலி செய்துகொண்டே கூட இறங்கினார்கள். பாண்டியம்மாள்தான் கடைசியில் வருவாள். அந்த செட்டிலேயே கனத்த உடம்பு அவளுக்கு. புருஷன் இல்லை, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டாள், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அவள் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் எல்லாரும் நிற்பார்கள். “ஏ மதினி, நீ நின்னாத்தான் எங்களுக்கும் நிக்க ஒரு சாக்கு கெடைக்கிது” என்பாள் ஈஸ்வரி. பாண்டியம்மாள் கையை ஓங்குவாள். அந்த நாட்களில் அவர்கள் உடம்பு நிஜமாகவே தேறியது. பாண்டியம்மாளுக்கு எடை பெரிதாக இறங்கவில்லை. ஆனால் படி ஏறும்போது சுவரைப் பிடிப்பதை விட்டிருந்தாள். மிஷின் காட்டாத முன்னேற்றம் அது.

எடை குறைந்ததில் முதல் லாபம் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஜீப்பு டிரைவருக்கு. “எல்லாரும் எளச்சுட்டீங்கல்ல, இன்னொரு ஆளு தாராளமா உக்காரலாம்” என்று ஒரு ஆளை அதிகமாகத் திணித்தான். பெண்கள் கத்தினார்கள். அவன் வண்டியை எடுத்துவிட்டான். நீங்கள் குறைத்துக் கொடுக்கிற எடை யாருக்குப் போய்ச் சேருகிறது என்று ஒரு கண் வைத்திருங்கள்.

பிறகு பலகை வந்தது.

எஸ்டேட் மேனேஜர் மலையாளி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வேகமானவர். ஏலக்காய் வாங்குகிற வெளிநாட்டு ஆட்கள் தொழிலாளர் நலனைப் பற்றிக் கேட்கிறார்களாம். பெண்கள் சேர்ந்து நடப்பதைக் கேள்விப்பட்டு சந்தோஷப்பட்டார். “இதாணு வேண்டது! இதை நம்ம போட்டியாக்கணும்” என்றார். செட்டுக்கு செட்டு போட்டி. ஒரு ஜீப்பில் வருகிற எல்லார் எடையையும் கூட்டி, எந்த ஜீப்பு அதிகம் குறைக்கிறதோ அந்த ஜீப்புக்குப் பரிசு, ஆளுக்கொரு குக்கர். ஸ்டோர் வாசலில் பெரிய பலகை வைத்து ஒவ்வொரு ஜீப்பு பெயருக்கும் கீழே மொத்த எடையை எழுதினார்கள். மேலே ‘ஒருவருக்கொருவர் துணை’ என்று தலைப்பு. கேன்டீனில் சீனியை நிறுத்தினார்கள். மிஷின் சாக்குக் கட்டுக்குப் பின்னாலிருந்து வாசலுக்கு வந்தது. வேண்டாம் சார் என்றேன். அறக்கட்டளைக்காரர்களிடமும் சொன்னேன். கூட்டுப் போட்டி இருந்தால்தான் கூட்டு ஆதரவு வளரும் என்று பதில் வந்தது.

வளர்ந்தது. எப்படி வளர்ந்தது என்று கேளுங்கள்.

மத்தியானச் சோற்றில் ஒருத்தி சட்டியை இன்னொருத்தி எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். முன்பு குழம்பு கொடுக்கத் திறந்த சட்டிகள் இப்போது சோதனைக்குத் திறந்தன. வடை வாங்கியவளோடு ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. எல்லாம் அன்போடுதான். “ஒன் நல்லதுக்குத்தான் ஆத்தா” என்று சொல்லிக்கொண்டே செய்தார்கள். எல்லாருடைய எடையும் இறங்க, பாண்டியம்மாளின் எடை மட்டும் அசையவில்லை. சர்க்கரைக்காரிக்கு மாத்திரை, பசி, வயசு என்று எத்தனையோ காரணம். பலகையில் காரணம் எழுத இடமில்லை. மற்ற செட்டுக்காரிகள் பாலத்தில் நின்று கத்துவார்கள்: “ஏ, ஒங்க ஜீப்புல லோடு ஜாஸ்தியாமே!”

ஒரு நாள் ஜீப்பில் நானும் இருந்தேன். யாரோ பாண்டியம்மாளைப் பார்த்து, “இவளை என்னதான் செய்ய?” என்றாள். ஈஸ்வரி சிரித்துக்கொண்டே, “பச்சைக்காய் உள்ள போயி வத்தி வருதுல்ல, அது மாதிரி இவளையும் டிரையர்ல போட்டு எடுக்கணும்” என்றாள். பாண்டியம்மாளும் சிரித்தாள். “போட்டுப் பாருடி, வாசமா வருவேன்” என்றாள்.

டிரையர் என்பது ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற மூடிய அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தரையோரம் ஓடுகிற தகரக் குழாய்கள் வழியாக அறைக்குள் வரும். தட்டுத் தட்டாகப் பச்சைக்காயை அடுக்கி மூடினால் ஒரு நாளில் தண்ணீரெல்லாம் வற்றி, எடை முக்கால்வாசிக்கு மேல் போய்விடும். தினமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிற பெண்களுக்கு எடை குறைவது என்றால் வற்றுவதுதான். வேறு ஊரில் வேறு வேலை செய்கிறவர்களுக்கு இப்படித் தோன்றியிருக்காது. வேடிக்கையாகச் சொன்னதை ஈஸ்வரி அடுத்த வாரம் தானே செய்து பார்த்திருக்கிறாள். காயை வெளியே எடுத்தபின், அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்து வேர்த்துவிட்டு மிஷினில் ஏறியிருக்கிறாள். குறைந்து காட்டியிருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசி எடை பார்க்கிற நாள் வந்தது. வெளிநாட்டு விருந்தாளிகள் வருவதாக ஏற்பாடு. ஜீப்புகளையெல்லாம் கழுவி, ரிப்பன் கட்டி, வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு செட்டும் தங்கள் ஜீப்பு முன்னால் பச்சை பனியனோடு நிற்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். நான் மிஷினைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போனேன். எல்லாரும் சொளகோடு உட்கார்ந்திருந்தார்கள். பாண்டியம்மாள் இடம் காலி. ஆனால் அவள் சொளகில் பிரித்த காய் குவிந்திருந்தது.

“பாண்டியம்மா எங்க?”

“வயித்தால போகுதுன்னு போயிருக்கா” என்றாள் ஈஸ்வரி. தலை நிமிரவில்லை. அவள் கை இரண்டு சொளகுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. பாண்டியம்மாளின் பங்கையும் அவளே பிரித்துக்கொண்டிருந்தாள், மேற்பார்வைக்குக் கங்காணி வந்தால் குறை தெரியாமல் இருக்க.

இந்த வேலையில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது கூட்டத்தின் மௌனத்தைப் படிப்பது. பொய் சொல்கிறவளைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கிறவர்களைப் பாருங்கள். அன்றைக்கு ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் பின்பக்கத்துச் சுவரைப் பார்த்தாள்.

வாசலில் மேனேஜர், “வேகம், வேகம், கார் வரப்போகுது” என்று கூப்பிட்டார். நான் பின்பக்கம் போனேன்.

கதவைத் திறந்தபோது முகத்தில் சூடு அடித்தது. பாண்டியம்மாள் ஒரு சாக்கில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் ஏதோ முனகினாள். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எடைக்குப் பயந்து எதுவும் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. வலது கால் நீட்டியபடி தகரக் குழாய்மேல் கிடந்தது. அந்தக் குழாயில் நான் கை வைத்து உடனே எடுத்தேன். அவள் எடுக்கவே இல்லை. சர்க்கரை அவள் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: “எடை பார்க்கும் முன் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பாருங்கள். வலிக்கவில்லை என்று சொன்னால்தான் பயப்பட வேண்டும்.” அவர் பெயர் எனக்கு நினைவில்லை. சொன்னது நினைவிருக்கிறது.

இழுத்து வெளியே போட்டேன். “சீனி! யாராவது சீனி கொண்டாங்க, வெரசா!” என்று கத்தினேன். பெண்கள் ஓடி வந்தார்கள். கேன்டீனில் சீனி இல்லை. எங்கள் திட்டம்தான் நிறுத்தியிருந்தது. ஒருத்தியும் இனிப்பு எதையும் கொண்டுவரவில்லை. அவ்வளவு ஒழுங்காக இருந்தார்கள். மேனேஜர் அறையில் விருந்தாளிகளுக்காக லட்டுப் பெட்டி இருந்தது ஞாபகம் வந்தது. போய் எடுத்தேன்.

“அவங்க வரட்டும், பெட்டியைப் பிரிக்காதே” என்றார் மேனேஜர். என்ன நடந்தது என்று அவருக்கு அப்போது தெரியாது. நின்று விளக்கம் சொன்னால் நேரம் போகும். பெட்டியைப் பிரித்துக்கொண்டே ஓடினேன். லட்டை வெந்நீரில் கரைத்து, ஈஸ்வரி அவள் தலையை மடியில் தாங்கிக்கொள்ள, விழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். கண் திறந்தாள். ஈஸ்வரியைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி, “எடை போட்டாச்சாடி?”

ஜீப்பு டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னேன். அவன் ரிப்பனைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான். “சார் சொல்லாம எடுத்தா நாளைக்கு எனக்கு இங்க வண்டி ஓடாதுண்ணே.” அதற்குள் விருந்தாளிகளின் கார் வந்து நின்றது. இறங்கிய வயதான மனிதர் ஒருவர் தரையில் கிடந்தவளைப் பார்த்தார், காலைப் பார்த்தார், தன் டிரைவரிடம் இரண்டு வார்த்தை சொன்னார். அவர் காரிலேயே மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். உயிர் தப்பியது. குழாயில் வெந்த கால் புண் ஆறவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போட்டி முடிவும் வந்தது. பாண்டியம்மாளை ‘விலகியவர்’ என்று போட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவளைக் கழித்ததும் அந்த ஜீப்பு முதலிடத்துக்கு வந்தது. கைதட்டி ஆளுக்கொரு குக்கர் கொடுத்தார்கள். ஈஸ்வரி தன் குக்கரைக் கொண்டுபோய்ப் பாண்டியம்மாள் வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பினாளாம். அறக்கட்டளை அனுப்பிய செய்திமடலில், ஒருவரையொருவர் தாங்கிப்பிடிக்கும் பெண்கள் என்று அவர்கள் படம் வந்தது. தாங்கிப்பிடித்தது பொய்யில்லை. எனக்குக் கசப்பதே அதனால்தான். அவளை உள்ளே அனுப்பிவிட்டு அவள் பங்கு காயைப் பிரித்தார்களே, அதுவும் தாங்குவதுதான். மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்குகிற பலம் ஏற்கெனவே அங்கே இருந்தது. நாம் போய் அதை எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறோம் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரியாதவர்கள் மிஷினை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

புண் ஆறி, கட்டையை ஊன்றி, பாண்டியம்மாள் ஒரு நாள் அதே ஜீப்பில் ஏறி வந்தாள். உட்கார்ந்து காய் பிரிக்க ஒரு கால் போதும், என் இடத்தைக் கொடுங்கள் என்று கேட்க வந்தாள். அவளுக்கு வேறு வழியில்லை. மகள் வீட்டில் போய் உட்கார அவளுக்கு மனமில்லை.

மேனேஜர் ஸ்டோருக்குள் எல்லாரையும் கூட்டினார். “டிரையர் உள்ளே யாரும் போகக் கூடாது. அது இவங்களுக்குத் தெரியும். தானாப் போனாங்களா, யாராவது அனுப்பினாங்களா? அனுப்பினவங்க இருந்தா சொல்லட்டும். அவங்க வீட்டுக்குப் போகலாம், இவங்க இருக்கட்டும். யாரும் இல்லேன்னா இவங்க தப்பு, இடம் இல்ல.”

யாரும் பேசவில்லை. சொளகுகள்கூட அசையவில்லை. பாண்டியம்மாள் கட்டையில் சாய்ந்து ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஈஸ்வரியிடம் வந்ததும் பார்வையைத் தானே எடுத்துவிட்டாள்.

நான் சொன்னேன். “இவங்க யாரும் அனுப்பல சார். வாசல்ல இருக்குற பலகை அனுப்புச்சு. அதை வச்சது நீங்களும் நாங்களும். ஜீப்புக்கு ஜீப்பு எடையைக் கூட்டுனா, கனத்தவளை என்ன செய்வாங்கன்னு நெனச்சீங்க?”

“எடோ, நிங்கள் இவிடத்த ஆளல்ல” என்றார். பிறகு தமிழில், “இன்னைக்கே கிளம்பு” என்றார். அறக்கட்டளைக்குப் போன் போட்டார். அவர்களும் அதையே சொன்னார்கள். பாண்டியம்மாளுக்கும் இடம் இல்லை என்று ஆனது. நான் பேசியதால் அவளுக்குக் கிடைத்தது ஒன்றும் இல்லை. அதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அப்படித்தான் நான் மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தேன். பாதி இறங்கியிருப்பேன். பின்னால் ஹாரன் கேட்டது. அதே ஜீப்பு. நின்றது.

“ஏறுங்கண்ணே” என்றாள் ஈஸ்வரி.

“நான் நடந்தே போறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளுக்கு எடம் இருந்திருக்கும்ல?”

ஈஸ்வரிக்கு முகம் சிவந்தது. “நீங்க சொல்லிப்புட்டு நடந்து போயிருவீங்க. நாளைக்கு வேற ஊரு, வேற சோலி. நாங்க விடிஞ்சா இதே ஜீப்புல ஏறணும்ணே. எம் பிள்ளைக ரெண்டும் என் கையப் பாத்து இருக்கு. நான் சொல்லியிருந்தா என் எடத்தை அவளுக்குக் குடுத்திருப்பாரு. அவ உக்காந்து தின்னிருப்பாளா அதை? கேளுங்க அவகிட்டயே.”

பாண்டியம்மாள் பின்சீட்டில் ஓரமாக இருந்தாள். அவள் யாரையும் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. “ஏறுங்கண்ணே, எடம் இருக்கு” என்றாள். “என் காலு இருந்த எடம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவளே கொஞ்சம் சிரித்தாள். நான் ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

மலையடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டியபோது ஈஸ்வரி வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் உட்கார்ந்து காய் பிரிக்க ஆள் கேட்கிறார்களாம். அவள் ஏற்கெனவே போய் விசாரித்திருக்கிறாள். ஆனால் காலையில் குடோன் திறக்கிற நேரத்துக்கு ஆள் அங்கே இருக்க வேண்டும். பாண்டியம்மாள் வீடு மேட்டுத் தெருவில் கடைசி. அந்தப் படிகளில் ஆட்டோ ஏறாது. “தூக்கி எறக்க நாங்க இருக்க மாட்டோம். அந்த நேரம் நாங்க மெட்டுல இருப்போம். அதான் யோசிச்சிட்டு இருக்கோம்.”

“நான் வர்றேன்” என்றேன்.

பாண்டியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எத்தன நாளைக்கு? நீங்க ஒரு எடத்துல நிக்கிற ஆளா?”

“தெரியல. நாளைக்கு வர்றேன்.”

மறுநாள் காலை காய்கறிக்காரர் ஒருவரிடம் தள்ளுவண்டியைக் கேட்டு வாங்கி, மேட்டுத் தெரு முனையில் நிறுத்திவிட்டுப் படி ஏறினேன். அவளைத் தோளில் சாய்த்து இறக்குவது மூட்டை இறக்குவதைவிடக் கஷ்டம். மூட்டைக்கு வெட்கம் கிடையாது. “கீழ போட்றாதீங்க, இன்னொரு காலாவது மிஞ்சட்டும்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டியில் சாக்கை விரித்து உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு குடோன் வாசலுக்குப் போனேன்.

குடோன் கணக்கப்பிள்ளை அவளைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். “கை வேலை தெரியும்னாங்க, சரி. ஆனா இதை உள்ள தூக்கி உக்கார வைக்க, சாயங்காலம் எறக்க, நடுவுல ஒண்ணுக்குக் கூட்டிப் போக ஆளு? இங்க அதுக்கெல்லாம் யாரு இருக்கா?”

“நடுவுல பொம்பளைக பாத்துக்கிருவாங்க. தூக்கி எறக்க நான் இருக்கேன். நான் இங்கதான் லோடு எறக்கப் போறேன்.”

“லோடு ஆளு வேணும்னு நான் கேட்டேனா?”

“கேக்கலீங்க. இப்பக் கேளுங்க.”

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார். வாசலில் லாரி நின்றது. மேல்மூட்டை மழையில் நனைந்து கனத்துப் போயிருந்தது. அதைக் காட்டி, “அதை எறக்கு, பாப்போம்” என்றார். முதலில் பாண்டியம்மாளை உள்ளே கொண்டுபோய் மற்ற பெண்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நீ யார், எவள் என்று கேட்காமல் அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். வெளியே வந்து மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன். முட்டி நடுங்கியது. இறக்கினேன்.

“அண்ணே, எனக்கொரு சொளகு கொண்டாங்க” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

கணக்கப்பிள்ளை இன்னும் என் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, அடுத்ததை எறக்கு” என்றார்.